துண்டி, அறு, கழற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்போன் செயலிகளுக்கு வரும் தமிழாக்கங்களைச் சரிபார்ப்பது என் வேலை. புதிதாகச் சேர்பவர்கள் அதிகம் தடுமாறுவது "டிஸ்கனெக்ட்" என்ற சொல் வரும் இடங்களில்தான். எல்லா இடத்திலும் "துண்டி" என்று போட்டுவிட்டு, ஏதோ இடிக்கிறதே என்று வந்து நிற்பார்கள். ஒரே சந்தேகத்துக்குப் பலமுறை பதில் சொல்லி அலுத்துப்போய், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

துண்டி என்றால் வெட்டு என்றுதானே அர்த்தம்? அப்புறம் எதுக்கு இரண்டு சொல்?

வெட்டு என்பது செயலைச் சொல்கிறது. கத்தியோ அரிவாளோ ஓங்கி இறங்குகிறது, அவ்வளவுதான். வெட்டிய பிறகு பொருள் இரண்டாகப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மரத்தில் ஒரு வெட்டு விழலாம், மரம் அப்படியே நிற்கலாம். துண்டி என்பது முடிவைச் சொல்கிறது. ஒன்றாக இருந்தது இரண்டாகிவிட்டது, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இனித் தொடர்பில்லை.

கத்தி இல்லாத இடத்திலும் துண்டி பொருந்துவதற்கு இதுதான் காரணம். அழைப்பு, மின் இணைப்பு, தூதரக உறவு இவற்றை யாரும் அரிவாளால் வெட்டுவதில்லை. தொடர்பு போனதுதான் அங்கே செய்தி.

தோளில் போடும் துண்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. துண்டு என்ற பெயர்ச்சொல்லோடு இகரம் சேர்ந்து துண்டி என்ற வினை வந்தது. தோளில் போடுவது நெசவிலிருந்து துண்டாக எடுத்த சிறு துணி. துண்டு நிலம், துண்டுச் சீட்டு, பட்ஜெட்டில் விழும் துண்டு எல்லாம் அதே சொல்தான்.

துணி என்பதும் இந்தக் குடும்பம்தான். துணித்தல் என்றால் வெட்டுதல். வெட்டி எடுத்தது துணி. "எண்ணித் துணிக கருமம்" என்ற குறளில் வரும் துணிதல், முடிவெடுத்தல். இப்படியா அப்படியா என்ற இழுபறியை வெட்டிவிட்டால் அது முடிவு. ஜவுளிக்கடைத் துணியும் மனத்துணிவும் ஒரே வேரில் நிற்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

"இணைப்பு துண்டித்தது" என்று எழுதலாமா? என் போனில் அப்படித்தான் வருகிறது.

வேண்டாம். துண்டி என்ற வினைக்கு "எதை?" என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். "இணைப்பு துண்டித்தது" என்றால், இணைப்பு எதையோ வெட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. "இணைப்பைத் துண்டித்தார்கள்" அல்லது "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று இருக்க வேண்டும்.

இந்தத் தவறு ஏன் இவ்வளவு பரவலாக வருகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. தமிழில் பிரித்தல் வினைகள் பெரும்பாலும் ஜோடியாக வரும். உடைந்தது, உடைத்தது. முறிந்தது, முறித்தது. அறுந்தது, அறுத்தது. கழன்றது, கழற்றியது. அவிழ்ந்தது, அவிழ்த்தது. முதலாவது தானாக நடந்தது, இரண்டாவது ஒருவர் செய்தது. துண்டிக்கு மட்டும் முதல் பாதி கிடையாது. "துண்டிந்தது" என்று யாரும் சொல்வதில்லை. பெயரோடு இகரம் சேர்ந்து உருவான வினைகளுக்கு இந்த ஜோடி வாய்ப்பதில்லை. கவனம், கவனி; தண்டம், தண்டி; இவற்றுக்கும் அப்படித்தான். ஜோடி இருக்கும் என்ற பழக்கத்தில் கை தானாக "துண்டித்தது" என்று எழுதிவிடுகிறது.

அப்போ தானாகப் போனதை எப்படிச் சொல்றது? "துண்டிக்கப்பட்டது" என்றால் யாரோ செய்த மாதிரி இருக்கே.

சரியாகப் பிடித்துவிட்டீர்கள். "படு" சேர்ந்தால் செய்தவர் பெயர் மறையும், ஆனால் செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்ற வாசனை போகாது. முன்பு ஒரு செயலியில் வைஃபை சிக்னல் போகும்போதெல்லாம் "உங்கள் இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று வரும்படி வைத்திருந்தோம். ஒரு வாடிக்கையாளர் பதறிப்போய் அழைத்து, "நான் பில் கட்டிட்டேனே சார், ஏன் துண்டிச்சீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

பேச்சுத் தமிழ் இந்த ஓட்டையை எப்போதோ அடைத்துவிட்டது. தானாகப் போனால் "லைன் கட் ஆயிடுச்சு", ஒருவர் செய்தால் "லைனை கட் பண்ணிட்டான்". கடன் வாங்கிய ஒரே சொல்லுக்கு ஆகு, பண்ணு என்று இரண்டு கைப்பிடி போட்டு, துண்டிக்கு இல்லாத ஜோடியை உண்டாக்கிக்கொண்டார்கள். கட் என்பது வேற்றுச்சொல், அதைக் கையாளும் இலக்கணம் முழுக்கத் தமிழ்.

எழுத்தில் நான் வைத்திருக்கும் வழி இது. சிக்னல் தானாகப் போனால் "இணைப்பு போய்விட்டது". பயனர் தானே செய்தால் "இணைப்பைத் துண்டித்துவிட்டீர்கள்". நிறுவனமோ அலுவலகமோ செய்தால் மட்டும் "துண்டிக்கப்பட்டது". சிலர் "தொடர்பு துண்டானது" என்று எழுதுகிறார்கள். தப்பில்லை. ஆனால் "கை துண்டானது" என்று விபத்துச் செய்தியில் படித்துப் பழகிய காதுக்கு அது கொஞ்சம் ரத்தவாடையோடு கேட்கிறது.

இணைப்பு துண்டிக்கப்பட்டது, இணைப்புத் துண்டிக்கப்பட்டது. எங்கே த் போடணும்?

இணைப்பு எழுவாயாக இருக்கும்போது வல்லினம் மிகாது: "இணைப்பு துண்டிக்கப்பட்டது". ஐ உருபு வந்தால் மிகும்: "இணைப்பைத் துண்டித்தனர்". "இணைப்புத் துண்டிப்பு" என்று இரண்டு பெயர் சேர்ந்து ஒரு சொல்லாக நின்றாலும் மிகும்.

"கயிறு அருந்தது" சரியா, "அறுந்தது" சரியா?

அறுந்தது. வல்லின ற. அருந்துவது குடிப்பது, உண்பது. "கயிறு அருந்தியது" என்றால் கயிறு தண்ணீர் குடித்தது என்று ஆகும். இரண்டு சொல்லையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்த குறள் ஒன்று உண்டு: "மருந்தென வேண்டாவாம் யாக்கைக்கு அருந்தியது அற்றது போற்றி உணின்." உண்டது செரித்து முடிந்ததைத் தெரிந்துகொண்டு அடுத்த வேளை உண்டால் மருந்து வேண்டாம் என்கிறார். அருந்தியது உள்ளே போனது, அற்றது தீர்ந்துபோனது. இந்தக் குறளை ஒருமுறை மனதில் வைத்துக்கொண்டால் ர, ற குழப்பம் வராது.

அறுசுவை, அறுபது இவற்றில் வரும் அறு வேறு. அது ஆறு என்ற எண் குறுகி வந்தது.

அற்றது, அறுந்தது, அறுத்தது மூன்றும் ஒரே வினையா?

ஒரே வேர். அறுத்தது ஒருவர் செய்தது, அறுந்தது தானாக நடந்தது என்று மேலே பார்த்தோம். அற்றது பழைய வடிவம். இன்று பெரும்பாலும் "இல்லாமல் போனது" என்ற பொருளில் நிற்கிறது. வீடற்றவர், உணர்வற்ற, அறவே என்பவை அங்கிருந்து வந்தவை. எழுத்தில் மெலிந்துபோன இந்த அற்று, பேச்சில் "அத்து" என்று கொழுத்துத் திரிகிறது. "மாடு கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சு", "அவங்களுக்கும் எங்களுக்கும் அத்துப்போச்சு", "பஞ்சாயத்துல அத்து விட்டுட்டாங்க". கடைசி வாக்கியம் மணவிலக்கைச் சொல்கிறது.

மணிக்கணக்கில் பேசிக் கழுத்தறுப்பவரை அறுவை என்கிறோம். ஆயுதத்தை மாற்றி ரம்பம் என்றும் பிளேடு என்றும் சொல்கிறோம். துண்டி மட்டும் இந்தக் கேலிக்கு வரவே இல்லை. அது அலுவலகத்துச் சொல், சட்டை கசங்காது.

கழட்டுவதா, கழற்றுவதா?

எழுத்தில் கழற்று. கழல் என்பது தானாக நடப்பது, கழற்று என்பது செய்வது. சுழல், சுழற்று, அகல், அகற்று, பயில், பயிற்று என்ற அதே வரிசை. பேச்சில் கழட்டு, கழண்டுருச்சு. "மறை கழண்ட கேசு" என்பதை "மறை கழன்ற கேசு" என்று திருத்தி எழுதாதீர்கள், அதன் உயிர் போய்விடும். நண்பனை, காதலியை "கழட்டி விடுவதும்" அப்படியே இருக்கட்டும்.

சார்ஜரைத் துண்டிக்கவும் என்று போடலாமா? கழற்று, உருவு, பிடுங்கு, இதில் எது?

"சார்ஜரைத் துண்டிக்கவும்" என்றால் கத்திரிக்கோலைத் தேட வேண்டியிருக்கும். துண்டிக்க வேண்டியது இணைப்பை. சார்ஜரைக் கழற்றினால் போதும்.

எது எப்படிச் சேர்ந்திருந்ததோ, அதைப் பார்த்துத்தான் தமிழ் பிரிக்கும் வினையைத் தேர்ந்தெடுக்கும். மாட்டியதைக் கழற்றுவோம். கட்டியதை அவிழ்ப்போம். ஒட்டியதைப் பிய்ப்போம் அல்லது உரிப்போம். சொருகியதை உருவுவோம். ஊன்றியதைப் பிடுங்குவோம். தைத்ததைப் பிரிப்போம். ரயில்வேக்காரர்கள் இன்ஜினைக் "கழற்றி மாட்டுகிறோம்" என்பார்கள், துண்டிப்பதில்லை. அடுத்த நிலையத்தில் அதே கொக்கியில் இன்னொன்றை மாட்ட வேண்டுமே. "டிஸ்கனெக்ட்" என்ற ஒரு சொல்லுக்குத் தமிழில் ஒரு சொல் தேடுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். முதலில் பொருளைப் பாருங்கள், பிறகு அகராதியைப் பாருங்கள்.

பிடுங்கு என்பதில் கோபமும் அவசரமும் கலந்திருக்கும். மின்கட்டணம் கட்டாத வீட்டில் "பீஸ் கட்டையைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க" என்பதைத் தவிர வேறு வாக்கியம் நான் கேட்டதில்லை. வந்த ஊழியர் எவ்வளவு மெதுவாகக் கழற்றியிருந்தாலும் வீட்டுக்காரருக்கு அது பிடுங்கியதுதான்.

மின்வெட்டு, மின்தடை, மின்துண்டிப்பு எல்லாம் ஒன்றுதானே?

இருட்டு ஒன்றுதான், காரணம் வேறு. மின்தடை என்பது பொதுச்சொல், நடுநிலையானது. மரம் விழுந்தாலும் மின்தடை; பராமரிப்புப் பணிக்காக முன்கூட்டி அறிவித்து நிறுத்தினாலும் மின்தடை. பத்திரிகையில் "நாளை மின்தடை" என்று கட்டம் கட்டி வருவது இதுதான். அதை யாரும் "நாளை மின்வெட்டு" என்று போடுவதில்லை.

மின்வெட்டு என்பது பற்றாக்குறையால் மணிக்கணக்கு வைத்து நிறுத்துவது. தமிழ்நாட்டில் அது அரசியல் சொல்லாகவே மாறிவிட்டது. 2011 சட்டமன்றத் தேர்தலில் மேடைக்கு மேடை அடிபட்ட சொல் இது. ஆட்சியில் இருப்பவர்கள் மின்தடை என்பார்கள், எதிர்க்கட்சிகள் மின்வெட்டு என்பார்கள். இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டபோது, அங்கத்தைய தமிழ்ச் செய்திகளில் மின்வெட்டு, மின்துண்டிப்பு இரண்டும் புழங்கின. தமிழ்நாட்டு வாசகருக்கு இரண்டாவது சொல் வேறு படத்தைக் காட்டும்.

தமிழ்நாட்டில் மின் துண்டிப்பு என்றால் ஒரு குறிப்பிட்ட வீட்டின் இணைப்பை நிறுத்துவது. பெரும்பாலும் பணம் கட்டாததற்காக. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, அப்படி நிறுத்துவதற்கு முன் குறைந்தது 15 முழு நாள் எழுத்துமூல அறிவிப்பு தர வேண்டும் என்கிறது. மின்கம்பியை "வெட்டவோ கழற்றவோ" செய்யலாம் என்ற பொருளில் இரண்டு வினைகளைத் தனித்தனியாகச் சொல்லியிருப்பதையும் அங்கே பார்க்கலாம். முந்தைய பதிலில் சொன்ன வேறுபாடு சட்டம் எழுதியவர்களுக்கும் தேவைப்பட்டிருக்கிறது.

இன்டர்நெட்டை அரசு நிறுத்தினால் துண்டிப்பா முடக்கமா?

முடக்கம். 2018 மே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையச் சேவை நிறுத்தப்பட்டபோது "இணைய முடக்கம்" என்ற சொல்தான் புழங்கியது. கம்பி, கோபுரம் எல்லாம் அப்படியே இருக்கும், வேலை மட்டும் செய்யாது. கை இருந்தும் மடக்க முடியாதது போல.

"கிராமங்கள் துண்டிக்கப்பட்டன" என்று செய்தியில் வருகிறதே, ஊரை எப்படித் துண்டிப்பது?

இலக்கணப்படி துண்டிக்கப்பட்டது ஊருக்குப் போகும் வழி. ஆனாலும் இந்தச் சுருக்கம் எனக்குப் பிடிக்கும். ஒரு பெரிய உடம்பிலிருந்து ஒரு துண்டு தனியாகப் போனது போன்ற உணர்வு அதில் வருகிறது. "தனித்தீவானது" என்று உடனே சேர்ப்பதுதான் தேய்ந்துபோன வழக்கம், அதை விட்டுவிடலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை எடுத்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுவிட்டது. தண்டவாளத்துக்குக் கீழே இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போக, இரும்பு மட்டும் அந்தரத்தில் தொங்கியது. அங்கே தண்டவாளம் அறுந்தது என்று எழுதினால் பொய், தண்டவாளம் முழுசாகத்தான் இருந்தது. "ரயில் பாதை துண்டிக்கப்பட்டது" என்பதுதான் மெய். முதல் கேள்வியில் சொன்ன முடிவு, தொடர்பு போனது என்ற பொருள், இதில் அப்படியே நிற்கிறது. செய்தவர் யார் என்ற கேள்விக்கும் பதில் உண்டு: வெள்ளம்.

உறவைத் துண்டிக்கிறோமா, முறிக்கிறோமா, அறுக்கிறோமா?

உறவு எதைப்போல இருக்கிறது என்று நினைக்கிறீர்களோ அதைப் பொறுத்தது. கொப்பாக நினைத்தால் முறியும், கயிறாக நினைத்தால் அறும், கம்பியாக நினைத்தால் துண்டிக்கப்படும். மணமுறிவு, கூட்டணி முறிவு. "கூட்டணித் துண்டிப்பு" என்று யாரும் எழுதுவதில்லை. முறிவில் சத்தம் இருக்கிறது, வளைந்து வளைந்து கடைசியில் ஒடிந்தது என்ற வரலாறும் இருக்கிறது. தொப்புள்கொடி உறவு அறும், முறியாது.

நாடுகளுக்கிடையே துண்டிப்பு பொருந்தும். 2017 ஜூனில் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகியவை கத்தாருடன் தூதரக உறவைத் துண்டித்தன, 2021 ஜனவரியில் சமரசமானார்கள். துண்டித்த கம்பியை மறுபடி இணைக்கலாம். முறிந்த கொம்பை ஒட்டவைக்க முடியாது. ஒருவர் தானே விலகினால் "துண்டித்துக்கொண்டார்" என்று எழுதுங்கள். அந்தக் "கொள்" இல்லாமல் "உறவைத் துண்டித்தார்" என்றால், வேறு இருவரின் உறவை இவர் போய் வெட்டியதாகவும் படிக்கலாம்.

பள்ளிப் பிள்ளைகளிடம் இதற்கெல்லாம் தேவையே இல்லை. காய் விடுவார்கள், மறுநாள் பழம் விடுவார்கள்.

எங்க பாட்டி "அறுந்தது" என்ற சொல்லையே வீட்டில் சொல்ல விடமாட்டார். ஏன்?

தாலி அறுத்தல் என்பது கணவன் இறந்த பெண்ணுக்குச் செய்த சடங்கு. "அறுத்தவள்" என்பது வசை. அதனால்தான் தாலிக் கயிறு இற்றுப்போய்த் தானாக விட்டுப்போனாலும் "தாலி பெருகிடுச்சு" என்பார்கள். விளக்கை அணைக்க மாட்டார்கள், குளிர வைப்பார்கள். நேர் எதிரான மங்கலச் சொல்லைப் போட்டு மூடிவிடுவது.

இந்தத் தயக்கத்தைப் பழமை என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் வயதானவர்கள் பயன்படுத்தும் ஒரு மருத்துவச் செயலியில் "இணைப்பு அறுந்தது" என்று எழுதியவரிடம் மாற்றச் சொன்னேன். துண்டிக்கு அந்தப் பாரம் இல்லை. சில இடங்களில் அதன் வறட்சியே வசதி.

பொத்தானில் "துண்டி" என்று போட்டால் மரியாதை இல்லாமல் இருக்காதா?

பொத்தானில் யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பயனர் கருவிக்குக் கட்டளை இடுகிறார். கருவிக்கு "ங்க" எதற்கு? "துண்டி" போதும். கருவி பயனரிடம் சொல்லும் இடத்தில்தான் மரியாதை வேண்டும்: "சார்ஜரைக் கழற்றுங்கள்". "துண்டிக்க" என்று போடுவதும் உண்டு, "துண்டிக்க, இதை அழுத்தவும்" என்பதன் சுருக்கமாக. எதை வைத்தாலும் ஒரே செயலியில் இரண்டையும் கலக்காதீர்கள்.

உறுதி கேட்கும் பெட்டியில் "இணைப்பைத் துண்டிக்கவா?" என்று இருக்கட்டும். "துண்டிக்க விரும்புகிறீர்களா?" என்று நீட்டினால் கல்யாண மண்டபத்தில் சாப்பிடக் கூப்பிடுவது போல இருக்கிறது. கீழே "துண்டி", "வேண்டாம்" என்று இரண்டு பொத்தான்.

போனை "வைக்கிறேன்" என்கிறோமே, செல்போனில் எதை வைக்கிறோம்? சிவப்புப் பொத்தானுக்கு என்ன எழுதுவது?

பழைய போனில் ரிசீவரை அதன் இடத்தில் வைத்தால்தான் லைன் போகும். கருவி போய்விட்டது, வினை நின்றுவிட்டது. அதோடு அந்த வினை மரியாதையையும் சுமக்கிறது. "அப்புறம்? வேற என்ன? சரி, வெச்சிடட்டுமா?" என்று கேட்டு, அந்தப் பக்கம் "ம், வெச்சிடுங்க" என்ற பிறகு வைப்பது ஒழுங்கு. "பேசிட்டு இருக்கும்போதே கட் பண்ணிட்டார்" என்பது சண்டைக்கான தொடக்கம். "அழைப்பைத் துண்டி" என்பதில் அந்தச் சண்டை வாடை இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

அதனால் "வை" என்று எழுதிப் பார்த்தேன். எதை வைப்பது என்று கேட்டார்கள். "முடி" என்று மாற்றினோம். சிவப்பு வட்டத்துக்குள் தனியாக நின்றபோது, இது தலைமுடியா என்று ஒருவர் கேட்டார். இப்போது "அழைப்பை முடி" என்று இருக்கிறது. எழுத்து சின்னதாகத்தான் தெரிகிறது.